நாய்க்கு வயிறு சரியில்லை: வீட்டில் எதுவரை பார்க்கலாம், எப்போது ஓட வேண்டும்?

செம்பிவீடு · ஞாயிறு, காலை 5:50

எல்லோருக்கும் வணக்கம். இரவு இரண்டு மணியிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. செம்பிக்கு வயிற்றுப்போக்கு. ஐந்து வயது, கலப்பினம், பெண், 18 கிலோ. இதுவரை நான்கு முறை வெளியே கூட்டிப்போய்விட்டேன். கதவைப் பிறாண்டுவாள், திறந்ததும் ஓடுவாள், குந்தியபடியே நாலடி நகர்வாள், ஆனால் கொஞ்சம்தான் போகிறாள். மூன்று மணிக்கு ஒருமுறை வாந்தி எடுத்தாள். மஞ்சள் நுரை, அதற்குள் கசங்கிய காகிதத் துண்டு ஒன்று.

நேற்று மாலை நாங்கள் வெளியே போயிருந்த நேரத்தில் சமையலறைக் குப்பைக்கூடையைக் கவிழ்த்திருக்கிறாள். தடுப்பூசி எல்லாம் ஒழுங்காகப் போட்டிருக்கிறோம். குடற்புழு மருந்து கொடுத்து நான்கு மாதம் ஆகிறது.

எங்கள் டாக்டர் நாளைக் காலையில்தான் இருப்பார். அதுவரை என்ன செய்யட்டும்? பட்டினி போட வேண்டுமா, சாப்பாடு கொடுக்கலாமா? நமக்கென்று வீட்டில் வைத்திருக்கும் பேதி மாத்திரையில் பாதி கொடுத்தால் தப்பா?

வாசல்காவலன் · ஞாயிறு, காலை 6:15

மாத்திரை எதுவும் கொடுக்காதீர்கள். அதை முதலில் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

நாம் எல்லோரும் தரையில் கிடப்பதைப் பார்த்துத்தான் பயப்படுகிறோம். அதற்கு முன்னால் செம்பியைப் பாருங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தலை தூக்குகிறாளா? வால் ஆடுகிறதா? எழுந்து நடக்கும்போது தள்ளாடுகிறாளா?

அப்புறம் அவள் மேலுதட்டைத் தூக்கி, கோரைப்பல்லுக்கு மேலே உள்ள ஈற்றை விரலால் அழுத்தி விடுங்கள். அழுத்திய இடம் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் மறுபடி இளஞ்சிவப்பாக வேண்டும். ஈறு ஈரமாக, வழுக்கலாக இருக்க வேண்டும். விரல் ஒட்டிக்கொள்கிற மாதிரி பிசுபிசுவென்று இருந்தால் உடம்பில் நீர் குறைந்துவிட்டது என்று அர்த்தம். ஈறு கருப்பாக இருக்கிற நாய் என்றால் கீழ் இமையை மெதுவாக இழுத்து உள்பக்க நிறத்தைப் பாருங்கள்.

வெப்பமானி இருந்தால் ஆசனவாயில் வைத்துப் பாருங்கள், முனையில் கொஞ்சம் எண்ணெய் தடவிக்கொண்டு. நாய்க்கு 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை சாதாரணம். மூக்கைத் தொட்டுக் காய்ச்சல் பார்ப்பதை நம்ப வேண்டாம்.

இனி கூடையில் என்ன இருந்தது என்று யோசித்துச் சொல்லுங்கள். எலும்பு, சோளக்கட்டை, பழக்கொட்டை, சாக்லேட், திராட்சை, வெங்காயம், மாத்திரை அட்டை, சைலிட்டால் இனிப்பு சேர்த்த சூயிங்கம், நூல், சாக்ஸ், இதில் ஏதாவது ஒன்று இருந்திருந்தால்கூட நாளைவரை காத்திருக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் அவசர சிகிச்சை மையத்தின் எண்ணை இப்போதே தேடி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தேவைப்படாமல் போனால் நல்லது.

செம்பிவீடு · ஞாயிறு, காலை 6:40

ரொம்ப நன்றி அண்ணா. கூடையை மறுபடி கொட்டிப் பார்த்தேன். கோழித் தோல், எண்ணெய் ஊறிய காகிதம், பழைய சோறு. எலும்புகளைத் தனிப் பையில் கட்டி நேற்று மதியமே வெளியே வைத்துவிட்டோம், அது அப்படியே இருக்கிறது. மாத்திரை அட்டை எதுவும் இல்லை.

ஈறு இளஞ்சிவப்பு, ஈரமாக இருக்கிறது. அழுத்தி எடுத்ததும் நிறம் திரும்பிவிட்டது. வெப்பம் 38.8. கூப்பிட்டால் வால் ஆட்டுகிறாள்.

ஆனால் இப்போது போனதில் கடைசியில் சளி மாதிரி வழவழவென்று வந்தது. அதில் சிவப்பாக இரண்டு சொட்டு ரத்தம். எனக்குக் கை நடுங்குகிறது.

நிழல்மருந்து · ஞாயிறு, காலை 7:05

நான் கால்நடை மருத்துவமனை ஒன்றில் செவிலியராகப் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். மருத்துவர் இல்லை. தினமும் பார்ப்பதைச் சொல்கிறேன்.

நீங்கள் சொல்வதெல்லாம் பெருங்குடல் எரிச்சல் போல இருக்கிறது. அடிக்கடி ஓடுவது, முக்குவது, கொஞ்சம் கொஞ்சமாகப் போவது, சளி, கடைசியில் புது ரத்தம் சில சொட்டு. உள்சுவர் புண்பட்டுக் கசிகிற ரத்தம் அது. ஒரு நாயிடம் இதை மட்டும் பார்த்தால், அதுவும் நாய் தெளிவாக இருந்தால், உயிருக்கு உடனடி ஆபத்து என்று நாங்கள் நினைப்பதில்லை. முக்குவதைப் பார்த்து மலச்சிக்கல் என்று நினைத்து எண்ணெய் கொடுப்பவர்கள் உண்டு, அதைச் செய்யாதீர்கள்.

சிறுகுடலில் கோளாறு என்றால் வேறு மாதிரி இருக்கும். ஒவ்வொரு தடவையும் நிறையப் போகும், தண்ணீராகப் போகும், முக்கல் இருக்காது. அங்கே ரத்தம் கசிந்தால் வெளியே வருவதற்குள் செரித்துக் கருப்பாகிவிடும். தார் பூசியது போல் கருப்பு, ஒட்டும், கெட்ட வாடை. அதைப் பார்த்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். வாந்தியில் காப்பித்தூள் மாதிரி துகள் வந்தாலும் அதே கதைதான்.

இன்னொன்று இருக்கிறது. திடீரென்று ஜாம் போலக் கெட்டியாக, ஏறக்குறைய முழுவதும் ரத்தமாகவே போவது. சின்ன இன நாய்களிடம் அதிகம் பார்க்கிறோம். சில மணி நேரத்திலேயே ரத்தம் கெட்டிப்பட்டு நாய் சுருண்டுவிடும். ட்ரிப்ஸ் ஏற்றினால் பெரும்பாலும் நன்றாகத் தேறிவிடுகின்றன, ஆனால் வீட்டில் வைத்துப் பார்க்கிற விஷயமே இல்லை அது. சொட்டு கோடாக மாறினால், கோடு குளமாக மாறினால், கிளம்பிவிடுங்கள்.

கோழித் தோலும் எண்ணெயும் என்றதால் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். கொழுப்பு அதிகம் தின்ற பிறகு கணையம் வீங்கும் வாய்ப்பு உண்டு. முன்கால்களை நீட்டித் தரையில் பதித்து, பின்பக்கத்தைத் தூக்கி, கும்பிடுவது போல் நின்றுகொண்டே இருந்தாளானால் அது வயிற்று வலி. வாந்தியும் நிற்காது. அதையும் கவனியுங்கள்.

ஈரமூக்கு · ஞாயிறு, காலை 8:20

எங்கள் வீட்டில் 24 மணி நேரம் எதுவும் கொடுக்க மாட்டோம். தண்ணீர் மட்டும். வயிற்றுக்கு ஓய்வு கொடுத்தால் தானாகச் சரியாகிவிடும். அப்பா காலத்திலிருந்து இப்படித்தான், ஒரு நாயும் கெட்டுப்போகவில்லை.

மூன்றுவால் · ஞாயிறு, காலை 9:00

தம்பி, இதில் நான் ஒத்துப்போக மாட்டேன். நானும் முன்பு அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். பல வருடம் மருத்துவர்களே அதைத்தான் சொன்னார்கள். இப்போது சொல்வது மாறிவிட்டது. குடலின் உள்சுவரில் இருக்கும் செல்கள், தங்களைக் கடந்து போகும் உணவிலிருந்தே தங்களுக்கு வேண்டியதில் ஒரு பெரும் பங்கை எடுத்துக்கொள்கின்றன. நாள் முழுவதும் ஒன்றுமே போகாவிட்டால் அந்தச் சுவர் மெலிகிறது, புண் ஆறுவதும் தாமதமாகிறது.

வாந்தியும் வயிற்றுப்போக்கும் வேறு வேறு. வாந்தி இருந்தால் கொஞ்ச நேரம், ஆறு முதல் எட்டு மணி நேரம், இரைப்பையைச் சும்மா விடலாம். வயிற்றுப்போக்கு மட்டும்தான், பசியும் இருக்கிறது என்றால் பட்டினிக்குக் காரணமே இல்லை, லேசான சாப்பாடாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம்.

குட்டிகளைப் பட்டினி போடவே கூடாது. கையில் அடங்குகிற மாதிரி சின்ன இன நாய்களையும் சர்க்கரை நோய் உள்ள நாய்களையும் அப்படித்தான். ரத்தச் சர்க்கரை சட்டென்று விழுந்துவிடும். என் இரண்டாவது நாய் 2 கிலோ எடைகூட இல்லாதவள். ஒருமுறை அவளைக் காலை முதல் மாலை வரை காயப்போட்டேன். மாலை ஆறு மணிக்கு எழுந்து நிற்கப் பார்த்தாள், முன்கால்கள் மடங்கி முகம் தரையில் இடித்தது. ஈற்றில் தேன் தடவிக்கொண்டே வண்டியில் கொண்டுபோனோம். பிழைத்துவிட்டாள். அந்த மாலையை நான் மறக்கவில்லை.

ஈரமூக்கு · ஞாயிறு, காலை 9:25

சரி அக்கா, எங்கள் நாய்கள் எல்லாம் 25 கிலோவுக்கு மேல். அதனால் தாங்கியிருக்கும். குட்டிகள் விஷயம் எனக்குத் தெரியாது. அப்போ மாத்திரை? மனிதர்களுக்குப் பேதியை நிறுத்தும் லோபரமைடு நாய்களுக்கும் கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டேன். அதை ஏன் எல்லோரும் வேண்டாம் என்கிறீர்கள்?

நிழல்மருந்து · ஞாயிறு, காலை 10:10

மருத்துவர் சில நாய்களுக்கு அதை எழுதுவது உண்மைதான். எந்த நாய்க்கு என்று தெரிந்து எழுதுகிறார். கோலி, ஷெட்லண்ட் ஷீப்டாக், ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் போன்ற மேய்ப்பு இனங்களில் பல நாய்களுக்கு ஒரு மரபணுக் குறை இருக்கிறது. எம்டிஆர்1 என்று சொல்வார்கள். 2001-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். சாதாரணமாக மூளைக்குள் நுழைய முடியாத சில மருந்துகள் இந்த நாய்களின் மூளைக்குள் புகுந்துவிடும். லோபரமைடு அதில் ஒன்று. தள்ளாட்டம், எச்சில் ஒழுகல், மயக்கம் எல்லாம் வரும். கலப்பின நாயின் உடம்பில் எந்த இனத்தின் ரத்தம் ஓடுகிறது என்று பார்வையை வைத்துச் சொல்ல முடியாது. அது போக, குடலில் கிருமியோ நஞ்சோ இருந்தால் குடல் அதை வெளியே தள்ளத்தான் பார்க்கிறது. அந்த நேரத்தில் வாசலை மூடுவது நல்லதல்ல.

வலி மாத்திரைகள் இன்னும் மோசம். இபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சென் எல்லாம் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். பாராசிட்டமால் கல்லீரலைத் தாக்கும். வயிறு வலிக்கிறதே என்று அன்போடு கொடுத்துவிட்டுக் கொண்டுவருபவர்களை மாதத்துக்கு இரண்டு பேராவது பார்க்கிறேன். பிஸ்மத் கலந்த இளஞ்சிவப்புத் திரவ மருந்திலும் ஆஸ்பிரின் வகைச் சேர்மம் இருக்கிறது. மலத்தையும் கருப்பாக்கிவிடும், அப்புறம் அது ரத்தமா மருந்தா என்று யாராலும் சொல்ல முடியாது.

உப்புத் தண்ணீர் குடிக்கவைத்து வாந்தி எடுக்க வைப்பது என்று ஒரு பழக்கம் இருக்கிறது. தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். ரத்தத்தில் உப்பு ஏறி வலிப்பு வந்து செத்த நாயை நான் கையால் தூக்கியிருக்கிறேன்.

செம்பிவீடு · ஞாயிறு, மதியம் 12:30

தண்ணீர்க் கிண்ணத்தை முழுக்க நக்கிக் குடித்தாள், ஐந்தே நிமிடத்தில் அப்படியே கக்கிவிட்டாள். வெறும் தண்ணீர்தான். பயமாக இருக்கிறது. தண்ணீரையும் எடுத்துவிடவா?

வாசல்காவலன் · ஞாயிறு, மதியம் 12:45

எடுத்துவிட வேண்டாம், ஆனால் கிண்ணத்தை அவளிடம் விடாதீர்கள். தாகத்தில் ஒரே மூச்சில் குடித்தால் புண்பட்ட இரைப்பை விரிந்து திருப்பித் தள்ளும். மூன்று நான்கு தேக்கரண்டி ஊற்றுங்கள். இருபது நிமிடம், அரை மணி நேரம் பொறுத்து மறுபடி அதே அளவு. பனிக்கட்டி ஒன்றைத் தட்டில் வைத்து நக்கவிட்டாலும் சரி. 18 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் திரவம் தேவை, போகிறது கூடும்போது தேவையும் கூடும். ஆகவே பொறுமையாக, ஆனால் விடாமல் கொடுங்கள்.

இப்படிக் கொடுத்தும் மூன்று தடவைக்கு மேல் கக்கினால் நாளைவரை இருக்க வேண்டாம். தண்ணீர் தங்காத நாயை வீட்டில் தேற்ற முடியாது.

ஒரு தாள் எடுத்து நேரம் போட்டு எழுதுங்கள். எப்போது குடித்தாள், எவ்வளவு, எப்போது போனாள், எப்படி இருந்தது, சிறுநீர் போனாளா. இரவெல்லாம் விழித்தவருக்கு நாலு முறையா ஏழு முறையா என்று மறந்துபோகும். மருத்துவர் முதலில் கேட்பதே அதைத்தான்.

புதுக்குட்டி · ஞாயிறு, மதியம் 1:10

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் குட்டிக்கும் இதே பிரச்சினை. ஒன்பது வாரம், வாங்கி ஐந்து நாள்தான் ஆகிறது. காலையிலிருந்து ஆறு முறை வாந்தி, இப்போது தண்ணீராகப் போகிறது, வாடை தாங்க முடியவில்லை. மூலையில் படுத்தே இருக்கிறான். தடுப்பூசி ஒன்று போட்டாயிற்று என்று கொடுத்தவர் சொன்னார், சீட்டு எதுவும் தரவில்லை. செம்பிக்குச் சொன்ன மாதிரியே தண்ணீர் கொடுத்துப் பார்க்கட்டுமா?

நிழல்மருந்து · ஞாயிறு, மதியம் 1:13

வேண்டாம். இப்போதே கிளம்புங்கள். போன் செய்து "ஒன்பது வாரக் குட்டி, வாந்தி பேதி, பார்வோவாக இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு வண்டியிலேயே காத்திருங்கள், உள்ளே மற்ற நாய்கள் இருக்கும் இடத்தில் இறக்காதீர்கள். துண்டில் சுற்றிச் சூடாக வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றுவால் · ஞாயிறு, மதியம் 1:15

போங்க தம்பி, பதில் எழுத வேண்டாம், போய்ச் சேர்ந்த பிறகு சொன்னால் போதும்.

வாசல்காவலன் · ஞாயிறு, மதியம் 2:00

பின்னால் படிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். பார்வோ வைரஸ் 1978-ல்தான் நாய்களிடம் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது. அதற்கு முன் எந்த நாய்க்கும் எதிர்ப்புச் சக்தி இல்லாததால் உலகம் முழுக்கக் குட்டிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. இன்றும் ஆறு வாரம் முதல் ஆறு மாதம் வரையுள்ள, தடுப்பூசி முழுமையாகாத குட்டிகளைத்தான் அது அதிகம் பிடிக்கிறது. ஒரே ஒரு ஊசி போட்டிருந்தால் போதாது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி ஊசியை வேலை செய்யவிடாமல் தடுக்கும் காலம் ஒன்று உண்டு. அதனால்தான் சில வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போட்டு, கடைசியை 16 வாரத்திலோ அதற்குப் பிறகோ போடச் சொல்கிறார்கள்.

காலத்தோடு சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலான குட்டிகள் பிழைக்கின்றன. சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. குட்டி, வயதான நாய், சினை நாய், சிறுநீரகமோ சர்க்கரையோ உள்ள நாய், இவர்களுக்கெல்லாம் இந்த இழையில் சொல்லும் வீட்டு வைத்தியம் பொருந்தாது.

செம்பிவீடு · ஞாயிறு, மாலை 6:30

தேக்கரண்டி முறையில் ஆறு மணி நேரமாகத் தண்ணீர் தங்குகிறது. வாந்தி இல்லை. போவது ஐந்தாறு முறையிலிருந்து இரண்டாகக் குறைந்திருக்கிறது, சளி இருக்கிறது, ரத்தம் இல்லை. சமையலறை வாசலில் வந்து உட்கார்ந்து என் முகத்தையே பார்க்கிறாள். சாப்பாடு கொடுக்கலாமா? எப்படி?

மூன்றுவால் · ஞாயிறு, மாலை 6:50

சாப்பாடு கேட்கிறாளே, அதுவே பாதி நல்ல செய்தி.

தோல் நீக்கிய, எலும்பில்லாத கோழி நெஞ்சுக்கறியை வெறும் தண்ணீரில் வேகவையுங்கள். உப்பு வேண்டாம், மசாலா வேண்டாம், எண்ணெய் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் ருசிக்காகக்கூட வேண்டாம், அவை நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். வெள்ளை அரிசியைக் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் விட்டுக் குழைய வடித்துக்கொள்ளுங்கள். இரண்டு பங்கு சோறு, ஒரு பங்கு கறி. கறியை விரலால் நூல் நூலாகப் பிய்த்துப் பிசைந்துவிடுங்கள், இல்லாவிட்டால் கறியை மட்டும் பொறுக்கிவிட்டுச் சோற்றை அப்படியே வைத்துவிடுவாள்.

கோழி வெந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். குளிர்பெட்டியில் சில மணி நேரம் வைத்தால் கொழுப்பு மேலே வெள்ளைத் தகடாக உறையும். ஓரத்தில் கத்தி விட்டு நெம்பினால் முழுத் தகடாக வரும், எடுத்து எறிந்துவிடுங்கள். அடியில் தெளிவாக இருப்பதை அறைச் சூட்டுக்குக் கொண்டுவந்து சோற்றில் விட்டுக் கொடுங்கள். தண்ணீரே வேண்டாம் என்று முகம் திருப்பும் நாய்கூட இதை நக்கும். கொழுப்புத்தான் இப்போது அவளுக்கு எதிரி, ஆகவே அந்தத் தகடு விஷயத்தில் சோம்பல் வேண்டாம்.

முதல் தடவை இரண்டு மேசைக்கரண்டி, அவ்வளவுதான். எவ்வளவு கெஞ்சினாலும் அவ்வளவுதான். இரண்டு மணி நேரம் தங்கினால் இன்னொரு மூன்று கரண்டி. நாளை முதல் ஒரு நாள் அளவை ஐந்தாறாகப் பிரித்துக் கொடுங்கள். பால் கொடுக்காதீர்கள், வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலில் உள்ள சர்க்கரை செரிக்காது. வெறும் பூசணிக்காயை வேகவைத்து மசித்து ஒரு மேசைக்கரண்டி சேர்க்கலாம், அதன் நார் பெருங்குடலுக்கு நல்லது. கோழி ஒத்துக்கொள்ளாத நாய் என்றால் கொழுப்பில்லாத வேறு கறியோ வெந்த முட்டை வெள்ளையோ போதும்.

பெருந்தோள் · ஞாயிறு, இரவு 10:40

படித்துக்கொண்டே வந்தேன். யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

என்னிடம் கிரேட் டேன் ஒருவன் இருந்தான். ஒரு நாள் இரவு சாப்பிட்ட பிறகு வாந்தி எடுக்கப் பார்த்தான். குமட்டுவான், முதுகு வளையும், வாய் திறக்கும், ஒன்றும் வராது, கொஞ்சம் நுரை மட்டும் ஒழுகும். அறைக்குள் இங்கும் அங்கும் நடந்தான். படுப்பான், உடனே எழுவான். அஜீரணம், காலையில் பார்க்கலாம் என்று நினைத்தேன். விளக்கை அணைக்கப் போகும்போது தற்செயலாக விலாவில் கை வைத்தேன். மத்தளம் மாதிரி விறைத்திருந்தது.

இரைப்பை காற்றால் உப்பி, தன்னைத்தானே முறுக்கிக்கொண்டிருந்தது. உள்ளே இருப்பது மேலேயும் வர முடியாது, கீழேயும் போக முடியாது, ரத்த ஓட்டமும் நின்றுவிடும். அறுவை சிகிச்சை ஒன்றுதான் வழி, அதுவும் சில மணி நேரத்துக்குள். நான் இரண்டு மணி நேரம் தாமதித்திருந்தேன்.

கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்ட், டாபர்மேன் மாதிரி ஆழ்ந்த மார்புள்ள பெரிய நாய் வைத்திருப்பவர்களே, குமட்டல் இருந்து வாந்தி வராவிட்டால் யாரிடமும் கேட்க வேண்டாம், இங்கேயும் எழுத வேண்டாம். வண்டியை எடுங்கள்.

மூன்றுவால் · ஞாயிறு, இரவு 10:55

எழுதியதற்கு நன்றி அண்ணா. எழுதவே மனசு எவ்வளவு கனத்திருக்கும் என்று புரிகிறது.

செம்பிவீடு · திங்கள், மதியம் 1:00

டாக்டரிடம் போய் வந்தோம். வயிற்றை அழுத்திப் பார்த்தார், அடைப்பு எதுவும் தட்டுப்படவில்லை என்றார். மலத்தை நுண்ணோக்கியில் பார்த்தார், புழு முட்டை இல்லை. வாந்திக்கு ஒரு ஊசி, குடலுக்கு நல்ல பாக்டீரியாத் தூள் ஐந்து நாளைக்கு. ஆன்டிபயாடிக் எழுதவில்லை. வீட்டில் அம்மாவுக்கு அதில் மனக்குறை. போன முறை வேறொரு இடத்தில் மெட்ரோனிடசோல் கொடுத்தார்கள், இரண்டு நாளில் நின்றதே என்கிறார்.

நிழல்மருந்து · திங்கள், மாலை 5:20

அம்மாவிடம் சொல்லுங்கள், எழுதாமல் விட்டதும் யோசித்துச் செய்ததுதான். இந்த மாதிரி லேசான வயிற்றுப்போக்கு எந்த மருந்தும் இல்லாமலே சில நாளில் அடங்குகிறது. மாத்திரை கொடுத்த இரண்டாம் நாள் நின்றால் மாத்திரையால் நின்றது போலத் தெரியும். மெட்ரோனிடசோல் கெட்டதோடு நல்ல பாக்டீரியாக்களையும் அழித்துவிடும், அந்தச் சமநிலை திரும்ப வாரக்கணக்கில் ஆகிறது. முன்பு எங்கள் மருத்துவமனையிலும் கிட்டத்தட்ட எல்லா நாய்க்கும் கொடுத்தோம், இப்போது காய்ச்சல், சோர்வு, ரத்தத்தில் தொற்றுக்கான அறிகுறி இருந்தால்தான் மருத்துவர்கள் ஆன்டிபயாடிக் பக்கம் போகிறார்கள்.

மலம் கொண்டுபோகும் மற்றவர்களுக்கு: அன்று போனதாக இருக்க வேண்டும். ஒரு தேக்கரண்டி அளவு, மூடியுள்ள டப்பாவில். உடனே போக முடியாவிட்டால் குளிர்பெட்டியில் வைக்கலாம்.

செம்பிவீடு · புதன், காலை 7:30

சாப்பாடு நன்றாகத் தங்குகிறது. விளையாடக்கூடச் செய்கிறாள். ஆனால் திங்கள் இரவுக்குப் பிறகு மலமே போகவில்லை. இப்போது சிக்கிக்கொண்டதோ?

அப்புறம் ஆசனவாயைச் சுற்றிச் சிவந்துபோய் இருக்கிறது, அடிக்கடி நக்குகிறாள்.

வாசல்காவலன் · புதன், காலை 8:00

குடல் காலியாகிவிட்டது. சோறும் கறியும் ஏறக்குறைய முழுவதும் செரித்துவிடும், வெளியே தள்ளப் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. பசி இருக்கிறது, வாந்தி இல்லை, வயிறு மெத்தென்று இருக்கிறது என்றால் ஒன்றிரண்டு நாள் போகாமல் இருப்பது சாதாரணம். முக்கினாலோ, சாப்பாட்டை ஒதுக்கினாலோ மட்டும் யோசியுங்கள்.

சிவந்த இடத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். சோப்பும் வேண்டாம், வாசனை சேர்த்த ஈரத்தாளும் வேண்டாம். உலர்த்திவிட்டு, முடி நீளமாக இருந்தால் மட்டமாக வெட்டிவிடுங்கள். நக்கினால் கழுத்துக் கூம்பு போடுங்கள். களிம்பு போட்டால் அது அவள் வயிற்றுக்குள்தான் போகும், ஆகவே டாக்டரைக் கேட்காமல் எதுவும் பூச வேண்டாம். நீங்களும் ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சால்மனெல்லா, கேம்பிலோபாக்டர் மாதிரி குடல் கிருமிகள் எல்லாம் நமக்கும் ஒட்டும்.

ஈரமூக்கு · புதன், இரவு 8:15

இந்த இழையைப் படித்த பிறகு ஒன்று கேட்க வேண்டும் என்று தோன்றுகிறது. எங்கள் பெரியவனுக்கு மாதம் ஒருமுறை இதே மாதிரி வருகிறது. ஒரு நாள் பட்டினி போட்டால் சரியாகிவிடும், அதனால் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. கொஞ்சம் இளைத்தும் இருக்கிறான்.

நிழல்மருந்து · புதன், இரவு 9:30

மூன்று வாரத்துக்கு மேல் நீடிப்பதையும், போய்ப் போய் வருவதையும் நாள்பட்டது என்றுதான் எடுத்துக்கொள்கிறோம். இளைத்தும் இருக்கிறான் என்றால் இதை விடவே கூடாது. சாட்டைப்புழு முட்டைகள் எல்லா நாளும் மலத்தில் வராது, ஒரு சோதனையில் இல்லை என்றால் புழுவே இல்லை என்று சொல்ல முடியாது. ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியும் அப்படித்தான். உணவு ஒவ்வாமையாக இருந்தால் ஒரே வகை உணவை மட்டும் சில வாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும், மென்றுகொண்டிருக்கக் கொடுக்கும் எலும்பு மிட்டாய்கூடக் கணக்கில் வரும்.

ஒன்றைக் குறிப்பாகக் கேளுங்கள். அட்ரினல் சுரப்பி வேலை குறையும் அடிசன் நோய் என்று ஒன்று உண்டு. வாந்தி, பேதி, சோர்வு வரும், ட்ரிப்ஸ் போட்டால் அதிசயம் போல எழுந்துவிடும், சில வாரத்தில் திரும்ப வரும். அஜீரணம் என்றே ஒவ்வொரு முறையும் நினைக்கத் தோன்றும். ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், கார்டிசால் பார்த்தால் தெரியவரும். கண்டுபிடித்துவிட்டால் மருந்தோடு முழு ஆயுள் வாழ்கின்றன.

ஈரமூக்கு · புதன், இரவு 9:40

நாளைக்கே நேரம் வாங்குகிறேன் அக்கா.

செம்பிவீடு · வெள்ளி, காலை 6:20

நேற்று மாலை போனாள். உருண்டையாக, ஒரே தடவையில் பையில் எடுக்கிற மாதிரி. இன்று காலையும் அப்படியே. பழைய உணவை இன்று நாலில் ஒரு பங்கு கலந்தேன், நாளை மறுநாள் பாதி, அப்புறம் முக்கால், செவ்வாய்க்குள் முழுவதும் என்று எழுதி வைத்திருக்கிறேன். சோறும் கறியும் பிடித்துப்போய் பழையதைத் தள்ளிவைக்கிறாள், ஆனால் அதிலேயே விட்டால் கால்சியம் முதல் எல்லாம் குறையும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

குப்பைக்கூடை இப்போது அலமாரிக்குள், கொக்கி போட்டு இருக்கிறது. அந்தத் தம்பியின் குட்டி என்ன ஆனான்? தினமும் வந்து பார்க்கிறேன்.

புதுக்குட்டி · சனி, இரவு 7:45

பார்வோதான். ஆறு நாள் உள்ளே வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் இரவு நம்பிக்கை இல்லை என்றார்கள். நான்காம் நாள் மூக்கில் போட்ட குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக உணவு கொடுத்தார்கள், ஐந்தாம் நாள் தானாகத் தலை தூக்கினான். இன்று மாலை வீட்டுக்கு வந்துவிட்டோம். நாலு கரண்டி சாப்பிட்டான், தங்கிவிட்டது. என் மடியில்தான் தூங்குகிறான். அன்று மூன்று நிமிடத்தில் பதில் எழுதினீர்கள். நான் தண்ணீர் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அவன் படுத்திருந்த மூலையை எப்படிச் சுத்தம் செய்வது? பக்கத்து வீட்டிலும் ஒரு குட்டி இருக்கிறது.

நிழல்மருந்து · சனி, இரவு 8:05

இதைப் படித்ததும் என் கண்ணே நிறைந்துவிட்டது.

சாதாரண சோப்பும் கைக்குத் தேய்க்கும் ஆல்கஹால் திரவமும் இந்த வைரஸை ஒன்றும் செய்யாது. முதலில் கண்ணுக்குத் தெரியும் அழுக்கு முழுவதையும் கழுவி எடுங்கள், அழுக்கு மேல் ஊற்றினால் மருந்து வேலை செய்யாது. பிறகு ஒரு பங்கு ப்ளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து, பத்து நிமிடம் ஈரம் காயாமல் இருக்கும்படி விட்டுக் கழுவுங்கள். ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், குட்டியை வேறு அறையில் வையுங்கள், வேறு எந்தச் சுத்தத் திரவத்தோடும் ப்ளீச்சைக் கலக்காதீர்கள். அவன் படுத்த துணியைத் தூக்கி எறிந்துவிடுவது மேல். மண்தரையில் போயிருந்தால் அங்கே வைரஸ் பல மாதம் இருக்கும், தடுப்பூசி முடியாத குட்டி எதையும் அந்தப் பக்கம் விட வேண்டாம் என்று பக்கத்து வீட்டில் இன்றே சொல்லிவிடுங்கள். குட்டியின் மலத்தில் இன்னும் இரண்டு வாரமாவது வைரஸ் வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் செருப்பின் அடிப்பக்கத்தையும் கழுவுங்கள். குட்டியைத் தினமும் ஒரே நேரத்தில் எடை போட்டு எழுதுங்கள், ஒரு நாள் குறைந்தாலும் போன் செய்யுங்கள்.